பிக்கப் வண்டியின் சன்ரூஃப் ஒழுகுகிறதா? சிலிக்கான் பசையைக் கீழே வையுங்கள்

ஹூஸ்டனில் ஒரு மழைநாள் காலை. சிக்னலில் பிரேக்கை அழுத்தினேன். தலைக்கு மேலே உள்விளக்கு இருக்கும் இடத்திலிருந்து அரை டம்ளர் தண்ணீர், சொல்லிவைத்தாற்போல என் மடியில் கொட்டியது. வண்டி நகர்ந்ததும் ஒழுகல் நின்றது. அடுத்த சிக்னலில் மறுபடியும் கொட்டியது. யாரோ பயன்படுத்தியதை வாங்கிய நான்கு கதவு பிக்கப் அது. விற்றவர் கூரையில் இருக்கும் கண்ணாடி ஜன்னலான சன்ரூஃபைத் திறந்து காட்டி, மூடிக் காட்டி, அதைச் சொல்லியே விலையையும் ஏற்றியிருந்தார்.

அன்று மாலை நான் செய்த காரியத்தை நீங்கள் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கடைக்குப் போய் ஒரு டியூப் சிலிக்கான் பசை வாங்கி வந்து, இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவுவதுபோலக் கண்ணாடியைச் சுற்றிலும் தாராளமாகத் தடவினேன். அடுத்த மழையில் ஒழுகல் கொஞ்சமும் குறையவில்லை. கண்ணாடிதான் ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தது. காய்ந்த பசையைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி எடுப்பதிலேயே இரண்டு சனிக்கிழமைகள் போயின. கோளாறு முற்றிலும் வேறு இடத்தில் இருந்தது. அதைச் சரிசெய்ய எனக்குத் தேவைப்பட்டது இரண்டரை மீட்டர் நைலான் நரம்பு.

தண்ணீர் உள்ளே வருவது இயல்பு

சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் மழையை முழுவதும் தடுக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது பெரும்பகுதியைத் தடுக்கும், அவ்வளவுதான். மிச்சம் உள்ளே இறங்கும் என்று கணக்குப் போட்டே இதை வடிவமைக்கிறார்கள். கண்ணாடிக்குக் கீழே, கூரைத் தகட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவில், சுற்றிலும் வாய்க்கால் ஓடும் ஒரு சட்டம் இருக்கிறது. இறங்கும் தண்ணீர் அதில் விழும். நான்கு மூலைகளிலும் விரல் நுழையாத சிறு துளைகள் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ரப்பர் குழாய் புறப்பட்டு, கேபினின் தூணுக்குள் ஒளிந்து இறங்கி, வண்டிக்கு அடியில் தண்ணீரைக் கொட்டும்.

பழைய முற்றத்து வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். வானம் பார்த்த முற்றத்தில் மழை விழத்தான் செய்யும். தாழ்வாரத்தைவிட முற்றம் பள்ளமாக இருக்கும், மூலையில் ஒரு தூம்பு இருக்கும், தண்ணீர் தெருவுக்குப் போய்விடும். தூம்பில் சருகு அடைத்துக்கொண்டால்தான் தண்ணீர் கூடத்துக்குள் ஏறும். அப்போது யாரும் முற்றத்துக்குக் கூரை போடக் கிளம்புவதில்லை. குச்சியை எடுத்துத் தூம்பைக் குத்துவார்கள். சன்ரூஃபிலும் வேலை அதேதான். நான் பசை தடவியது, முற்றத்துக்கு ஓலை வேய்ந்த கதை.

பிக்கப்புக்கே உரிய ஒரு சங்கதியும் உண்டு. பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழும் என்பதற்காக, வெறுமையாக நிற்கும்போது பின்பக்கம் சற்று உயர்ந்தே நிற்கும்படி இந்த வண்டிகளை அமைக்கிறார்கள். ஆகவே சமதரையில் நிறுத்தினாலும் சட்டத்துத் தண்ணீர் முன்பக்கம்தான் சாயும். முன்மூலைக் குழாய்கள் இரண்டும் ஆண்டு முழுவதும் உழைக்கும். பின்மூலைக் குழாய்கள் பெரும்பாலும் சும்மா கிடக்கும். சும்மா கிடப்பதில்தான் தூசி படிந்து இறுகும். பிறகு ஒருநாள் டிரெய்லரை மாட்டுவீர்கள், அல்லது பின்னாலுள்ள சரக்குத் தொட்டியில் மண் ஏற்றுவீர்கள். பின்பக்கம் தாழும், தண்ணீர் பின்னால் ஓடும், ஐந்து ஆண்டுகளாக ஒழுகாத வண்டி திடீரென்று பின்னிருக்கையில் ஒழுகும். இப்படி நடந்தால் வண்டி பழுதாகிவிட்டதென்று பதறாதீர்கள். சாய்வு மாறியிருக்கிறது, அவ்வளவே.

முதலில், இது சன்ரூஃப்தானா?

கூரையில் ஒரு கண்ணாடி இருந்தால் எல்லாப் பழியும் அதன் தலையில்தான் விழும். பிக்கப்பில் தண்ணீர் நுழைய இன்னும் பல வாசல்கள் இருக்கின்றன. கையில் கருவி எடுக்கும் முன் அரை மணி நேரம் துப்புத் துலக்குங்கள். இந்த அரை மணி நேரத்தைத் தவிர்த்தவர்கள்தான் என்னைப்போல் இரண்டு சனிக்கிழமைகளை இழக்கிறார்கள்.

முதல் சந்தேகம் மூன்றாவது பிரேக் விளக்கின்மேல் விழ வேண்டும். பிக்கப்பில் அது கேபினின் பின்சுவரில், பின்கண்ணாடிக்கு மேலே, கூரையின் விளிம்பை ஒட்டி இருக்கும். தொட்டிக்கு வெளிச்சம் தரும் விளக்கும் அதோடு சேர்ந்தே இருப்பது வழக்கம். இரண்டு திருகுகளும், நீர் புகாமல் அடைக்கும் ஒரு நுரை கேஸ்கட்டுமே அதைத் தாங்குகின்றன. நுரை வெயிலில் நொறுங்கியதும் மழை உள்ளே வழிந்து, உட்கூரையின் பின்விளிம்பை நனைத்து, பின்னிருக்கையின் முதுகில் இறங்கும். பார்த்தால் சன்ரூஃபின் பின்குழாய் அடைத்ததுபோலவே இருக்கும். விளக்கின் உள்ளே நீர்த்துளிகள் தெரிந்தால் குற்றவாளி ஏறக்குறையப் பிடிபட்டுவிட்டான். கழற்றி, பழைய நுரையைச் சுத்தமாகச் சுரண்டி, புதிய கேஸ்கட் வைத்து மூடினால் போதும். திருகை மட்டும் முழு பலத்தோடு முறுக்க வேண்டாம். விளக்கின் பிளாஸ்டிக் வளைந்து, நடுவில் மறுபடி இடைவெளி விழும்.

அடுத்தது, நகர்த்தித் திறக்கும் பின்கண்ணாடி. அது ஓடும் கீழ்த்தடத்தில் தண்ணீர் வெளியேறச் சிறு துளைகள் இருக்கும். அவை மண்ணால் அடைத்தால் தண்ணீர் தடத்தில் நிறைந்து உள்பக்கம் வழியும். ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். கண்ணாடிச் சட்டமே விரிந்திருந்தால் அது கடைக்காரர் வேலை.

கூரையில் சுறாத் துடுப்புபோல நிற்கும் ஆன்டெனாவின் அடி, அண்மையில் மாற்றிய முன்கண்ணாடியின் மேல்விளிம்பு, பெரிய இரட்டைச் சக்கர பிக்கப்களில் கூரையின் முன்விளிம்பில் வரிசையாக இருக்கும் ஐந்து மஞ்சள் விளக்குகள் ஆகியவற்றையும் ஒரு பார்வை பாருங்கள்.

தரை மட்டும் நனைந்து, மேலே எங்கும் ஈரமில்லையென்றால் ஏசியை நினையுங்கள். மழையே இல்லாத நாளில், ஏசி ஓடிய பிறகு, முன்பக்கப் பயணியின் காலடியில் மணமில்லாத தெளிந்த நீர் தேங்கினால், அது ஏசியின் வடிகால் அடைப்பு. ஈரம் பிசுபிசுப்பாக, இனிப்பு மணத்தோடு இருந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். ஹீட்டர் கசிகிறது என்று பொருள். அதற்கும் கூரைக்கும் சம்பந்தமில்லை.

சன்ரூஃப்தான் என்று முடிவானால், ஈரம் எங்கே இருக்கிறது என்பதே நோயைச் சொல்லிவிடும். உட்கூரைத் துணி நனைந்து பழுப்புக் கறை விழுந்திருந்தால், தண்ணீர் மேலேயே பொங்கியிருக்கிறது. குழாய் அடைத்திருக்கலாம், மேல்முனையில் கழன்றிருக்கலாம், சட்டத்தின் மூலை விரிசல் விட்டிருக்கலாம். உட்கூரை காய்ந்திருந்து கால்மிதியடி மட்டும் சொதசொதவென்று இருந்தால், தண்ணீர் குழாய்க்குள் ஒழுங்காக இறங்கி, கீழே எங்கோ கழன்ற இடத்தில் கொட்டுகிறது. முன்னது பெரும்பாலும் நீங்களே சரிசெய்யக்கூடியது. பின்னதற்குத் தூணின் மூடியைக் கழற்ற வேண்டிவரலாம்.

எடுத்து வைக்க வேண்டியவை

புல் வெட்டும் டிரிம்மரில் போடும் நைலான் நரம்பு, இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர் தடிமனில், இரண்டரை மீட்டர் நீளம். ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம். 200 மில்லி அளவுக் கோப்பை. குறுகிய வாயுள்ள பாட்டில், நான்கு பழைய கிண்ணங்கள், டார்ச், துணிகள், பாத்திரம் கழுவும் சோப்பு, சிலிக்கான் கிரீஸ். கடைசியாகச் சொன்ன கிரீஸ் வேறு, நான் தடவிய சிலிக்கான் பசை வேறு. கடையில் இரண்டும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் சொல்கிறேன்.

இரும்புக் கம்பியை எடுக்கவே வேண்டாம். குழாயைக் குத்திக் கிழிக்கும். கராஜில் காற்று கம்ப்ரஸர் இருந்தால் அதையும் தொடாதீர்கள். அழுத்தமான காற்று அடைப்பைத் தள்ளுவதற்கு முன், சட்டத்தின் மூக்கிலிருந்து குழாயையே கழற்றி எறிந்துவிடும். பிறகு உட்கூரையை இறக்கினால்தான் அதைத் திரும்ப மாட்ட முடியும். பத்து நிமிட வேலை இரண்டு நாள் வேலையாக மாறுவது இப்படித்தான்.

இன்னொன்று. வண்டி வாரண்டியில் இருந்தால் இதில் எதையும் தொடங்காமல் டீலரிடம் போங்கள். போகும் முன், அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏவின் தளத்தில் உங்கள் வண்டியின் ஆண்டையும் மாடலையும் கொடுத்துத் தேடுங்கள். தயாரிப்பாளர்கள் டீலர்களுக்கு அனுப்பும் சேவைக் குறிப்புகள் அங்கே இலவசமாகக் கிடைக்கும். உங்கள் மாடலின் சன்ரூஃபுக்கு அப்படி ஒன்று இருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். வெறுங்கையோடு போவதைவிடப் பேச்சு சுருக்கமாக முடியும்.

சட்டத்தைத் துடைப்பது

சமதரையில் நிறுத்துங்கள். சன்ரூஃபை முழுவதும் திறந்து, முன்கதவைத் திறந்து வாசற்படியில் ஏறி நின்று பாருங்கள். கண்ணாடி இருந்த இடத்தைச் சுற்றி ஓடும் வாய்க்காலில் கறுப்புச் சேறு, சருகு, பைன் ஊசி, சில வேளை ஒரு குளவிக் கூடு கூட இருக்கும். அதை வேக்குவத்தால் உறிஞ்சுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், இப்போது வேண்டாம். குப்பை முழுவதும் மூலைத் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். உறிஞ்சிய பின் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால், மூலையிலிருந்து நடுப்பக்கம் நோக்கித் துடையுங்கள். திசை முக்கியம்.

முன்மூலைத் துளைகள் இரண்டும் எளிதில் தெரியும். பின்மூலைத் துளைகள், பின்னால் நகர்ந்த கண்ணாடிக்கு அடியில் மறைந்திருக்கும். கண்ணாடியை மூடி, பின்விளிம்பை மட்டும் தூக்கும் நிலையில் வைத்து, டார்ச் அடித்துத் தேடுங்கள். முழுக் கூரையையும் அடைக்கும் பெரிய பனோரமா கண்ணாடியாக இருந்தால் பின்துளை கையெட்டும் தூரத்தில் இருக்காது. அதைக் கீழிருந்துதான் அணுக வேண்டும்.

அளந்து ஊற்றுவது

இனி செய்வது பரிசோதனை. பலர் இதில் ஒரு வாளித் தண்ணீரைக் கூரையில் கவிழ்த்துவிட்டு எதுவும் புரியாமல் நிற்கிறார்கள். அளந்து ஊற்றுங்கள்.

முதலில் குழாயின் கீழ்முனை எங்கே என்று கண்டுபிடியுங்கள். முன்குழாய்கள் முன்கண்ணாடியை ஒட்டிய தூணுக்குள் இறங்கி, முன்கதவின் கீல்கள் இருக்கும் பகுதியிலோ, முன்சக்கரத்துக்குப் பின்னாலோ வெளிவரும். பின்குழாய்கள் கேபினின் பின்தூணில் இறங்கி, கேபினும் தொட்டியும் சந்திக்கும் இடைவெளிப் பக்கம் வெளிவரும். மாடலுக்கு மாடல் இது மாறும் என்பதால், கிண்ணத்தைத் தோராயமாக வைத்துவிட்டு ஒருவரைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். என் மகன் அந்தப் பதவியை வகித்தான். ஒரு ஐஸ்கிரீம் கூலி.

முன் இடது துளையில் 200 மில்லி தண்ணீரைப் பாட்டிலால் மெதுவாக ஊற்றுங்கள். நல்ல குழாயென்றால் சில நொடிகளில் கீழே தாரையாக விழும். விழுந்ததை அளவுக் கோப்பையில் ஊற்றிப் பாருங்கள். சட்டத்தின் ஈரத்தில் பத்து, இருபது மில்லி தங்கலாம். அதற்குமேல் குறைந்தால், குறைந்த தண்ணீர் கேபினுக்குள்தான் எங்கோ போயிருக்கிறது. தாரையாக வராமல் சொட்டுச் சொட்டாக வந்தால் அரை அடைப்பு. ஒன்றுமே வராமல் வாய்க்காலில் நின்றால் முழு அடைப்பு. நிற்கும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள், பொங்கவிடாதீர்கள். நான்கு துளைகளுக்கும் இதைத் தனித்தனியே செய்து, ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் நிறம் கலந்தால் தடம் பிடிக்கலாமே என்று தோன்றும். வெளிர் நிற உட்கூரைத் துணியில் சிவப்புச் சாயம் ஏறிய பின் வீட்டில் என்ன பதில் சொல்வீர்கள் என்று யோசித்துவிட்டுக் கலக்கவும்.

நரம்பை விடுவது

நைலான் நரம்பு சுருண்டே இருக்கும். வெந்நீரில் சிறிது நேரம் போட்டு இழுத்தால் நேராகும். அதன் நுனியைத் தீக்குச்சியில் லேசாகக் காட்டி, உருண்டையாக மழுங்கச் செய்யுங்கள். வெட்டிய கூர் நுனியோடு விட்டால் அதுவும் ஊசிதான்.

துளையில் விட்டு, விரல்களால் உருட்டிக்கொண்டே சிறிது சிறிதாகத் தள்ளுங்கள். வளைவுகளில் தயங்கும். பின்வாங்கி, உருட்டி, மறுபடி தள்ளுங்கள். ஓரிடத்தில் உறுதியாக நின்றுவிட்டால் துளையின் வாயருகே நரம்பில் ஒரு டேப் துண்டு ஒட்டி அடையாளம் வையுங்கள். வெளியே இழுத்து, வண்டியின் பக்கவாட்டில் பிடித்து அளந்தால் அடைப்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மேலே, முதல் ஒரு சாணுக்குள் நின்றால் சருகும் பூவும். ஏறக்குறைய முழு நீளமும் போய்க் கடைசியில் நின்றால், அது கீழ்முனை.

கீழ்முனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல வண்டிகளில் குழாயின் அடியில், நடுவில் கீறல் மட்டும் உள்ள ஒரு ரப்பர் மூடி இருக்கும். தண்ணீரின் எடையில் கீறல் திறக்கும், மற்ற நேரம் மூடிக்கொண்டு பூச்சியையும் புழுதியையும் தடுக்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் பிக்கப் ஓடுவது மண் பாதையில். சக்கரம் வாரியிறைக்கும் சேறு வெளியிலிருந்தும், கூரையிலிருந்து வரும் வண்டல் உள்ளிருந்தும் படிந்து அந்தக் கீறல் ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து எவ்வளவு குத்தினாலும் நரம்பு அங்கே வளைந்து நிற்கும். கீழிருந்து விரலால் அந்த மூடியைப் பிசைந்துவிடுங்கள். கறுப்புத் தண்ணீர் கையில் வழிந்தால் அதைவிட நல்ல செய்தி இல்லை. என் வண்டியின் முன் இடது குழாயில் இதுதான் கோளாறு. பிசைந்த மறுகணம், குழாய் முழுவதும் நின்றிருந்த தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. கெட்டுப்போன குளத்து வாடை.

அடைப்பு இளகிய பின் கீழ்முனையில் வேக்குவத்தின் வாயை வைத்து, சுற்றி ஒரு துணியைச் சுருட்டி அடைத்து உறிஞ்சுங்கள். மேலே இன்னொருவர் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றட்டும். தள்ளுவதைவிட இழுப்பது குழாய்க்குப் பாதுகாப்பு. தெளிந்த நீர் வரும்வரை செய்துவிட்டு, மறுபடி 200 மில்லி ஊற்றி அளந்து பாருங்கள்.

குழாயே கழன்றிருந்தால்

நரம்பு தடையின்றிப் போகிறது, ஊற்றிய தண்ணீர் மட்டும் கிண்ணத்துக்கு வரவில்லை என்றால், குழாய் எங்கோ கழன்றிருக்கிறது அல்லது கிழிந்திருக்கிறது. இதைச் சரிசெய்யத் தூணின் உள்மூடியைக் கழற்ற வேண்டும். இங்கேதான் புதியவர்களை நிறுத்தச் சொல்வேன்.

காரணம் ஏர்பேக். கதவுகளுக்கு மேலே, கூரையின் பக்கவாட்டில், திரைபோல இறங்கும் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கும். குழாய் அதை ஒட்டியே ஓடுகிறது. தூணின் மூடியைப் பிடித்திருக்கும் கிளிப்கள்கூட, ஏர்பேக் விரியும்போது மூடி பறந்து முகத்தில் அடிக்காதபடி இழுத்துப் பிடிக்கும் விதத்தில் செய்யப்பட்டவை. அவற்றில் சில ஒருமுறை கழற்றினால் புதிதாகத்தான் போட வேண்டும். பழகிய கையாக இருந்தாலும், பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே தொடவும். குழாயையோ கட்டும் பட்டையையோ ஏர்பேக்கின் வழியில் ஒருபோதும் கொண்டுபோகக் கூடாது. உட்கூரை முழுவதையும் இறக்க வேண்டிய நிலை, சட்டத்தின் மூலை விரிசல் போன்றவை பணிமனைக்கே உரியவை. அங்கே போகும்போது, எந்த மூலையில் எத்தனை மில்லி ஊற்றி எத்தனை வந்தது என்று எழுதிய அந்தத் தாளைக் கொடுங்கள். அவர்கள் தேடும் நேரத்துக்கும் உங்களிடம்தான் காசு வாங்குவார்கள்.

ரப்பரும் கண்ணாடியின் உயரமும்

குழாய்கள் நான்கும் ஓடத் தொடங்கிய பிறகுதான் ரப்பரைப் பார்க்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, விரல் நுனியில் சிலிக்கான் கிரீஸ் எடுத்து மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். வாகன எண்ணெய், வாசலின், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இவ்வகை ரப்பர் உப்பி, உருக்குலையும். ரப்பர் கிழிந்தோ நிரந்தரமாக நசுங்கியோ இருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

கண்ணாடியை மூடும்போது ஒரு டாலர் நோட்டை விளிம்பில் வைத்து மூடி, மெல்ல இழுங்கள். இறுக்கமாக வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் தளர்ந்து வந்தால் கண்ணாடி அங்கே தாழ்ந்திருக்கிறது. பொதுவான விதி இது: முன்விளிம்பு கூரையோடு சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தோ இருக்கலாம், பின்விளிம்பு சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தோ இருக்கலாம். கண்ணாடியின் இரு பக்கமும் உள்ள நட்சத்திரத் தலைத் திருகுகளைத் தளர்த்தி இதைச் சரிசெய்யலாம். ஆனால் கையேட்டில் உங்கள் வண்டிக்கான அளவைப் பார்க்காமல் திருகைத் தொட வேண்டாம். இது பெரும்பாலும் காற்றொலியைக் குறைக்கும் வேலைதான், ஒழுகலைக் குறைப்பது கொஞ்சமே.

பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால் சன்ரூஃப் பாதியில் நின்று அடம்பிடிக்கலாம். அது புதிய கோளாறு அன்று. மோட்டாருக்குத் திறந்த நிலையையும் மூடிய நிலையையும் மறுபடி கற்பிக்க வேண்டும், முறை கையேட்டில் இருக்கும்.

உள்ளே காயவைப்பது

பலரும் சொதப்பும் இடம் இதுதான். ஒழுகல் நின்றதும் வேலை முடிந்ததென்று மிதியடியை வெயிலில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கம்பளத்துக்குக் கீழே விரலளவு தடிமனில் நுரை இருக்கிறது. மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், அழுத்தினால் தண்ணீர் வரும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவுரை. ஹூஸ்டன் புழுக்கத்தில் அதற்குள் முந்திக்கொள்ள வேண்டும்.

கதவடிப் பட்டையைக் கழற்றி, கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி, கீழே ஒரு கட்டையைக் கொடுத்து நிறுத்துங்கள். வேக்குவத்தால் நுரையை அழுத்தி உறிஞ்சுங்கள். பிறகு மின்விசிறி, கிடைத்தால் ஈரம் உறிஞ்சும் இயந்திரம், குறைந்தது இரண்டு நாள். பின்னிருக்கையின் அடியைத் தூக்கி, அங்கே ஜாக்கி வைத்திருந்தால் எடுத்துத் துடையுங்கள். முன்னிருக்கைக்கு அடியில் இருக்கும் மஞ்சள் நிற ஒயர் இணைப்புகள் ஏர்பேக்கையும் சீட் பெல்ட்டையும் சேர்ந்தவை. அவற்றை விளையாட்டாகக்கூடப் பிடுங்காதீர்கள். உட்கூரையில் விழுந்த பழுப்புக் கறைக்கு, நன்கு காய்ந்த பிறகு, துணித் துப்புரவு நுரையை ஒற்றி எடுங்கள். தேய்த்தால் துணி அதன் அட்டையிலிருந்து பிரிந்து தொங்கும்.

கடைசிச் சோதனைக்குத் தோட்டக் குழாய் போதும். கண்ணாடியை மூடி, முதலில் முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் சாதாரண வேகத்தில் பத்து நிமிடம், பிறகு சன்ரூஃபில், கடைசியாகப் பிரேக் விளக்கில். ஒவ்வொன்றாக. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அடித்தால் எது ஒழுகியது என்று தெரியாது. பிரஷர் வாஷரை ரப்பருக்கு நேராகப் பிடிக்க வேண்டாம். அந்த அழுத்தத்துக்கு எந்த ரப்பரும் தாங்காது.

இன்றே மழை, வேலை சனிக்கிழமைதான் என்றால்

கண்ணாடியையும் கூரையையும் நன்கு துடைத்துக் காயவைத்து, இடைவெளியின்மேல் அகலமான பிளாஸ்டிக் டேப்பைச் சுற்றிலும் ஒட்டுங்கள். இரண்டு மூன்று நாளில் எடுத்துவிடுங்கள், வெயிலில் கிடந்தால் பசை பெயிண்டில் இறங்கிவிடும். எந்த மூலை அடைத்திருக்கிறதோ அந்த மூலை மேட்டில் இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள். முன்குழாய் அடைப்பென்றால் வண்டியின் முகம் மேட்டைப் பார்க்கட்டும், பின்குழாய்கள் வேலையைப் பார்த்துக்கொள்ளும். இந்த ஒரு தந்திரத்தில் நான் ஒரு வாரம் ஓட்டினேன்.

எங்கள் தெருவில் லைவ் ஓக் மரங்கள் வசந்தத்தின் தொடக்கத்தில் பழைய இலைகளைக் கொட்டி, பின்னாலேயே மஞ்சள் பூச்சரங்களைக் கொட்டும். கூரைமேல் புழுப்புழுவாகக் கிடக்கும் அவை, நனைந்தால் பஞ்சுபோல் திரண்டு துளையில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் அந்தப் பூ ஓய்ந்ததும் ஒருமுறை, புயல் பருவம் தொடங்கும் ஜூனுக்கு முன் ஒருமுறை, நான்கு மூலைகளிலும் 200 மில்லி ஊற்றி அளக்கிறேன். சென்ற முறை முன் இடது மூலையில் 140 தான் வந்தது. நரம்பை விட்டு உருட்டியதில் சுண்டுவிரல் நுனியளவு மஞ்சள் உருண்டை ஒன்று வந்து விழுந்தது. மறுபடி ஊற்றினேன். 190.